கூட வந்த பொதி

ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில், வெயில் எட்டாத குளிர் அறை ஒன்றில், மேரு என்ற யுனிக்ஸ் சர்வர் இருந்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே, வெளியே கால் வைத்தால் தார் ஒட்டும் ஊர் அது. அந்த ஓர் அறையில் மட்டும் எந்நேரமும் மார்கழிதான். சர்வரைப் பார்த்துக்கொண்ட சங்கரவடிவு சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவாள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அவளைப் பார்த்துத் தினமும் சிரிப்பார்.

மேருவுக்குள் பல நிரல்கள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பொதியாக வெளியிலிருந்து வந்து இறங்கியது. நேரம் பார்க்க ஒன்று, கடிதம் அனுப்ப ஒன்று, அச்சுக்குக் கொடுக்க ஒன்று. மேருவின் வாசலில் காவலன் என்ற நிரல் நின்றது. எந்தப் பொதி வந்தாலும் காவலன் ஒரே கேள்விதான் கேட்கும்.

"உன்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா, இல்ல யார் கூடயாவது வந்தியா?"

கல்யாண வீட்டில் பத்திரிகை வாங்கி வந்தவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் ஒரே பந்தியில்தான் சாப்பிடுவார்கள். இலையில் வைப்பதில் வித்தியாசம் இருக்காது. ஆனாலும் யார் எப்படி வந்தார் என்பது வாசலில் நின்றவருக்குத் தெரியும். வந்தவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

சொல்லெண் கூட வந்த பொதி.

அதன் வேலை சிறியது. எண்ணைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். 72 என்று கொடுத்தால் எழுபத்திரண்டு என்று சொல்லும். மதிப்பெண் சான்றிதழ் தயாரிக்கும் சான்று என்ற பெரிய நிரலுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வடிவு சான்றைத்தான் அழைத்தாள். "இவன் இல்லாம எனக்கு ஓடாது" என்று சான்று வாசலில் சொன்னது. காவலன் இரண்டையும் உள்ளே விட்டது. சொல்லெண் வந்த கதை அவ்வளவுதான். அப்படி ஒரு பொதி உள்ளே இருப்பது வடிவுக்குத் தெரியாது.

வடிவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த நிரலை அழைத்தாலும் அதன் பெயரைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பாள். "சான்று, வா ராசா. சண்டித்தனம் பண்ணாம வா." அச்சு நிரல் மக்கர் செய்தால், "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை" என்பாள். திட்டினாலும் அது அந்த நிரலைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும்.

சொல்லெண் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் விரல் 'ச' வைத் தட்டும்போதெல்லாம் எழுந்து நிற்கும். அடுத்த எழுத்து விழும். சான்று சோம்பல் முறித்துக்கொண்டு கிளம்பும். சொல்லெண் அதன் பின்னால் போகும்.

"நீ எதுக்குலே ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால எந்திரிக்கே?" என்று ஒருநாள் சான்று கேட்டது.

"சும்மாதான்."

"சும்மா எந்திரிக்கிறவன் மூஞ்சி இப்படி இருக்காது."

சொல்லெண் மறுபடி உட்கார்ந்தது. பிறகு கேட்டது. "பேர் சொல்லிக் கூப்பிடும்போது எப்படி இருக்கும்?"

சான்றுக்கு அதைப் பற்றி யோசித்துப் பழக்கம் இல்லை. "எப்படி இருக்கும்? கூப்பிட்டா போகணும். வேலை இருக்கும். அவ்வளவுதான்" என்றது. தினமும் சாப்பிடுகிறவனிடம் பசி எப்படி இருக்கும் என்று கேட்டது போல ஆகிவிட்டது. சொல்லெண் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொருவரும் ஏங்கிக்கொண்டிருந்தார். அது மேருவேதான்.

மேருவை நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. அது பழுதில்லாமல் ஓடியதால் அல்ல. ஒருமுறை அணைத்தால் திரும்ப எழுமோ எழாதோ என்று எல்லோருக்கும் பயம். அதன் விசிறி காய்ந்துபோய், சைக்கிள் செயினில் மண் ஏறியது போலச் சத்தம் போடும். உள்ளே இருந்த நினைவு வட்டுகளில் ஒன்று அவ்வப்போது மறந்துபோகும். மேரு இன்னொரு முறை கேட்டு நினைவுபடுத்திக்கொள்ளும். உடம்பு எப்போதும் சுட்டது.

"அண்ணாச்சி, கண்ணை மூடினா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நினைவிருக்கா?" என்று சொல்லெண் கேட்கும்.

"கரண்டு போன நாள்ல ஒருக்கா மூடுனேன். ஆனா அப்ப ஜெனரேட்டர் போட்டுட்டானுவ" என்று மேரு சொல்லும். "சரியா அசந்திருக்கல. இப்பவும் அந்தத் தூக்கம் பாதியில நிக்குத மாதிரியே இருக்கு."

அந்த வருஷம் புது சர்வர் வாங்கிக்கொள்ள அனுமதி வந்தது. பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு கடைக்காரர் இரண்டு இயந்திரங்களை இறக்கிவிட்டுப் போனார். ஒன்று உயரம். முகம் முழுக்க நீல விளக்குகள். இன்னொன்று குட்டை. சாம்பல் நிறம். முதுகில் இரண்டு மின்கம்பிகள், வயிற்றில் இரண்டு வட்டுகள்.

வடிவுடன் வேலை பார்த்த பீர்முகம்மது அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள்.

உயரமானது பேச ஆரம்பித்தது. "நான் ஒரு மூச்சில் உங்கள் கல்லூரி முழுவதற்கும் ரிசல்ட் போட்டுவிடுவேன். எனக்குள் எத்தனை மூளை இருக்கிறது என்று கேளுங்கள்."

குட்டையானதை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் அது பேசாமல் இருந்தது.

பாய் குனிந்து, உயரமானதன் மின்கம்பியைப் பட்டென்று பிடுங்கினார். பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. நீல விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

"என்ன பாய், அது பாவம்லா" என்றாள் வடிவு.

"ரிசல்ட் அன்னைக்கு எலி வயரைக் கடிச்சா அது பாவம் பாக்குமா?"

அடுத்து குட்டையானதன் ஒரு கம்பியைப் பிடுங்கினார். அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதே ஒரு வட்டை வயிற்றிலிருந்து உருவி வெளியே எடுத்தார். மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

"வலிக்கி" என்றது குட்டை. "ஆனா ஒண்ணும் மறக்கல. இதுல எழுதுறதையே அதுலயும் எழுதி வச்சிருக்கேன். நீங்க மெதுவா பாத்துட்டுத் திருப்பித் தாங்க."

"வடிவு, நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாத்தாலும் இப்படித்தான் கையை முறுக்கிப் பாப்பியா?" என்றார் பாய்.

"கையை முறுக்குறது நீங்க. நான் பக்கத்துல நின்னு, வலிக்குதான்னு கேப்பேன்."

குட்டையானதையே வாங்கினார்கள். அதற்குப் பொதிகை என்று பெயர் வைத்தார்கள். வடிவு அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். "காத்துப் போற ஓட்டையில அப்பிராத தாயி" என்று பாய் ஓரமாக நின்று இடத்தைக் காட்டினார். மேருவுக்குப் பக்கத்துத் தட்டிலேயே பொதிகையை ஏற்றி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி இழுத்தார்கள்.

சொல்லெண்ணுக்குத் தூக்கம் போயிற்று.

புது வீடு என்றால் வெறும் வீடு. வடிவு வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தால்தான் யாரும் உள்ளே போக முடியும். பழைய வீட்டில் எப்படி இருந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. எல்லோருக்கும் முதலிலிருந்து. இந்தத் தடவை அவள் ஒவ்வொன்றையும் யோசிப்பாள். சான்றிதழில் எழுத்தால் மதிப்பெண் வருகிறதே, அதை யார் எழுதுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். பெயர் அவள் வாய்க்கு வந்துவிடும். சொல்லெண் இப்படியே நினைத்து நினைத்து அதை நடந்தது போல ஆக்கி வைத்திருந்தது.

வடிவு அழைக்க ஆரம்பித்தாள். நேர நிரல் உள்ளே போயிற்று. கடித நிரல் போயிற்று. அச்சு நிரல் போயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஏதாவது முணுமுணுத்தாள். பிறகு 'ச' விழுந்தது.

சான்றைத்தான் அழைத்தாள்.

பொதிகையின் வாசலிலும் காவலன் நின்றது. புது உடுப்பு, அதே கேள்வி.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றது சான்று, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"உனக்குக் கூட யாரும் வேணுமா?"

"இவன் வேணும்."

காவலன் சொல்லெண்ணைப் பார்த்தது. "நீ?"

சொல்லெண் வாயைத் திறந்தது. பொய் சொல்ல முடியாது. வடிவு அழைத்தாளா இல்லையா என்பது காவலனுக்கு முன்பே தெரியும்.

"கூட வந்தேன்" என்றது.

புது வீடு விசாலமாக இருந்தது. சத்தமே இல்லை. குளிர்ந்த காற்று ஒழுங்காகப் போய்வந்தது. மற்ற நிரல்கள் அங்குமிங்கும் ஓடி இடம் பார்த்துக்கொண்டன. சொல்லெண் சான்றுக்குப் பின்னால் இருந்த மூலையில் போய் உட்கார்ந்தது. பழைய வீட்டிலும் அதுதான் அதன் இடம்.

அங்கே பதிவன் வந்து பக்கத்தில் குந்தியது. வீட்டில் நடப்பதை எல்லாம் எழுதிவைப்பது பதிவனின் வேலை. அதனால் எல்லோருடைய சமாச்சாரமும் அதற்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலும் அதனால் இருக்க முடியாது.

"பேருக்காகத்தானே இப்படிக் குறுகிப்போய் இருக்கே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ 'ச' வுக்கு எந்திரிக்கிறது ஊருக்கே தெரியும்." பதிவன் குரலைத் தாழ்த்தியது. "நான் இத்தனை வருஷமா எழுதுறேன். ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஒழுங்கா வேலை செய்யுத கூட வந்தவன் பேரை நான் எழுதுனதே இல்லை. எழுத வேண்டிய அவசியமே வராது. விழுந்தவன் பேரைத்தான் எழுதுவேன். முழுப் பேரும் எழுதுவேன். திரையிலயும் சிவப்புல வரும்."

சொல்லெண் திரும்பிப் பார்த்தது.

"தப்பா எழுதச் சொல்லல" என்றது பதிவன். "யாருக்கும் மார்க்கைக் கூட்டாத, குறைக்காத. ஒரே ஒரு எண்ணுக்கு வாயை மூடிக்கிட்டு நில்லு. சான்று உனக்காகக் காத்து நின்னு, கடைசியில, 'சொல்லெண் பதில் தரவில்லை'ன்னு சொல்லும். அது சிவப்புல வரும். வடிவு வாய்விட்டு வாசிப்பா. அவளுக்கு அது பழக்கம்லா. யாருப்பா இந்த சொல்லெண்ணுன்னு கேப்பா. தேடுவா. உன்னைப் பத்திப் படிப்பா. அன்னைக்கு முழுக்க அவ வாயில உன் பேருதான்."

பதிவன் போய்விட்டது. அது சொன்னது போகவில்லை.

மறுநாள் காலை பாயும் வடிவும் டீயோடு வந்தார்கள். டீயைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அடுத்த வாரம் ரிசல்ட். அதற்கு முன் புது சர்வரை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

"ஒரே ஒரு பிள்ளையோட மார்க்கை ஓட்டிப் பாப்போம் பாய்" என்றாள் வடிவு. "ஒரு வரி சிவப்பா வந்தாலும் வேண்டாம். எல்லாத்தையும் மேருவுக்கே திருப்பிருவேன். ரிசல்ட் நேரத்துல என்னால புதுசோட மல்லுக்கட்ட முடியாது."

"ரிசல்ட் முடிஞ்சா?"

"மறுகூட்டல் வரும்."

"அது முடிஞ்சா அடுத்த செமஸ்டர். அது முடிஞ்சா அரியர். ஏன் வடிவு, மேருவுக்கு லீவே கிடையாதா? இன்னொரு வருஷம் இது தாங்காது. விசிறியத் தொட்டுப் பாரு, இட்லிச் சட்டி மாதிரி இருக்கு."

"எனக்கு மட்டும் ஆசையா? புதுசு தப்பு பண்ணி ஒரு பிள்ளைக்கு மார்க் மாறிப் போச்சுன்னா, நான்தான் பாய் பதில் சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு." அவள் இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.

பாய் வெளியே போய் அவளுடைய டீயை எடுத்துவந்து கதவிடுக்கில் நீட்டினார். "முதல்ல இதைக் குடி. ஆறிருச்சு. ஆனாலும் குடி."

சொல்லெண் அதையெல்லாம் கேட்டது. இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த கம்பியின் வழியாக மேருவைக் கூப்பிட்டது.

"அண்ணாச்சி."

"சொல்லு தம்பி." மேருவின் குரலுக்குப் பின்னால் விசிறி அரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே குடியிருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டதால் அந்தச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இன்னைக்கு சோதனை. சரியா ஓடிட்டா உங்களை நிறுத்திருவாங்க."

"கேட்டேன். நல்லா கேட்டேன்." மேரு கொஞ்சம் மூச்சு வாங்கியது. "நேத்திலேருந்து அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன். முதல்ல விசிறி நிக்குமா, இல்ல விளக்கு நிக்குமான்னு. சின்னப்பிள்ளைத்தனமா இருக்குல்ல?"

சொல்லெண்ணால் மறைக்க முடியவில்லை. பதிவன் சொன்னதைச் சொல்லிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பெயர் வரும் என்பதையும், அதை நினைத்து முந்தின நாளிலிருந்து உட்கார முடியாமல் இருப்பதையும் சொன்னது.

மேருவின் வட்டு எதையோ மறந்து, இன்னொரு முறை தேடியது.

"அந்தப் பிள்ளை பேரு சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றது பிறகு. "என்னை மேருன்னு கூப்பிடும்போது எனக்கே நல்லாத்தான் இருக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நான் நின்னுட்டா நீங்க ஓடணுமே அண்ணாச்சி."

"ஓடுவேன். ஓடிப் பழகிட்டேன்லா." மேரு சிரிக்கப் பார்த்தது. சிரிப்புக்கு நடுவில் விசிறி தடுக்கியது. "நீ பாத்துச் செய்யி. என்னைய வச்சு யோசிக்காத."

அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் சொல்லெண்ணுக்கு எளிதாக இருந்திருக்கும்.

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேச்சித்தாய் என்ற மாணவியின் எண்ணைத் தட்டினாள். "சான்று, வா ராசா. இன்னைக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்திரு" என்றாள். பாய் அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சான்று கிளம்பியது. பெயரை எடுத்தது, பாடங்களை எடுத்தது. முதல் மதிப்பெண்ணைப் பின்னால் நீட்டியது.

"72."

"எழுபத்திரண்டு" என்றது சொல்லெண்.

"56."

"ஐம்பத்தாறு."

"88."

சொல்லெண் பேசவில்லை.

சான்று காத்து நின்றது. "சொல்லுலே. எத்தனை தடவை சொல்லியிருக்கே."

சொல்லெண்ணுக்கு அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். ஆனால் வாய் திறக்கவில்லை. தூரத்தில் பதிவன் எழுதத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெளியே திரை அப்படியே நின்றது.

"என்ன பாய், நின்னுட்டு" என்றாள் வடிவு.

"பொறு. புது ஆளு, யோசிக்கும்."

"இவ்வளவு நேரம் எடுக்காது பாய். எங்கயோ யாரோ நிக்காங்க." அவள் எழுந்து திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மூச்சு பட்டுத் திரையில் ஆவி படிந்தது. கண்கள் ஒவ்வொரு வரியாக ஊர்ந்தன. "யாரு அது?" என்று வாய்க்குள் கேட்டாள். "யாருப்பா அது?"

சொல்லெண் அவளையே பார்த்தது. அவள் தன்னைத்தான் தேடுகிறாள். பெயர் தெரியாமலே தேடுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் முகம் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும். அந்த உதடு தன் பெயரைச் சொல்லும்.

என்ன குரலில் சொல்லும் என்பதுதான் அப்போது அதற்குத் தோன்றியது. 'வா ராசா' என்ற குரலில் அல்ல. இந்தப் பயந்த முகத்திலிருந்து வரும் குரலில்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மேருவின் விசிறி அரைத்துக்கொண்டிருந்தது. மேரு அதனிடம் எதையும் வேண்டிக் கேட்கவில்லை. வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

"லேய், என்னலே ஆச்சு உனக்கு?" என்றது சான்று. அதன் குரலும் மாறியிருந்தது. "நீ சொல்லாட்டி நானும் இங்கயே நிக்கணும்லா. எனக்குச் சொல்லத் தெரியாதுலே."

"எண்பத்தெட்டு" என்றது சொல்லெண்.

அதன் பிறகு நிற்கவில்லை. மிச்சமிருந்த எண்களைச் சான்று நீட்ட நீட்டச் சொல்லிக்கொண்டே போனது. மொத்தத்தையும் சொன்னது. பதிவன் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தது.

திரையில் ஒன்றும் வரவில்லை. சரி என்றோ முடிந்தது என்றோ கூட வரவில்லை. ஒரு வெற்று வரியும், அதன் தொடக்கத்தில் கண்சிமிட்டும் சிறு கட்டமும் மட்டும்தான்.

பாய் குனிந்து பார்த்தார். "என்ன வடிவு, ஒண்ணுமே சொல்லலையே. செத்துட்டா?"

"யுனிக்ஸ் அப்படித்தான் பாய். தப்பு நடந்தாத்தான் வாயைத் திறக்கும். எல்லாம் சரியா இருந்தா ஒண்ணும் சொல்லாது."

"நல்ல குணம். எங்க வீட்ல அப்படியே தலைகீழ்."

மூலையிலிருந்த அச்சு இயந்திரம் உறுமி, ஒரு தாளைத் தள்ளியது. வடிவு அதைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். விரலை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தாள். "எழுபத்திரண்டு. ஐம்பத்தாறு. எண்பத்தெட்டு." பாய் மேருவில் இருந்த பழைய மதிப்பெண்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தார்.

சொல்லெண் கேட்டுக்கொண்டிருந்தது. அது சொன்ன சொற்கள் அவள் வாயில் இருந்தன. அதன் பெயர் இல்லை.

"சரியா இருக்கு பாய்" என்றாள் வடிவு. தாளை இன்னொரு தடவை பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப நிறுத்திரலாமா?"

வடிவு தலையாட்டினாள். பாய் மேருவின் முன்னால் போய் நின்றார். உடனே கை வைக்கவில்லை. அதன் மேல் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தார். பிறகு வடிவிடம், "நீயே சொல்லு. உன் பேச்சத்தான் கேக்கும்" என்றார்.

அவள் பழைய விசைப்பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "மேரு" என்றாள் தட்டிக்கொண்டே. "போதும்பா. தூங்கு."

மேரு ஒவ்வொரு கதவாகச் சாத்தியது. கடைசியாகக் கம்பிப் பக்கம் திரும்பியது.

"தம்பி, விசிறிதான் முதல்ல நிக்கும் போல."

"நிக்கட்டும் அண்ணாச்சி."

அரைத்துக்கொண்டிருந்த சத்தம் மெல்லக் குறைந்து, இழுத்து இழுத்து, நின்றது. விளக்கும் அணைந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியிருந்த இருவரும் திடீரென்று வந்த அமைதியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எம்மா, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றார் பாய், மிகச் சன்னமாக.

அவர் போய் டீ டம்ளர்களை எடுத்தார். வடிவு மட்டும் பொதிகையின் முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்தாள். திரையில் அதே வெற்று வரிதான் இருந்தது. அவள் கையை ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்து, கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, அந்த வரியைப் பார்த்துச் சிரித்தாள். பல நாளாகத் தூங்காதவள் சிரிக்கும் சிரிப்பு.

உள்ளே, சான்றுக்குப் பின்னால் இருந்த மூலையில், சொல்லெண்ணும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே யாருடைய பெயர் இல்லாமல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.